பதினோராம் பக்கத்துக் கிணறு

முந்நூறு பேர் கூடிய சபையை ஒரே பேச்சில் அழவைத்த மனிதன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அது சுதந்திர தினக் கூட்டம். அழுதவர்களில் பலர் அதற்கு ஐந்து நிமிடம் முன்புவரை வெற்றிலை போட்டுக்கொண்டு, வடை எப்போது வரும் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தவர்கள். பேசியதும் நானில்லை. என் அக்காவின் மகள் தவமணி, பத்து வயது. நான் எழுதிக் கொடுத்துப் பழக்கியவன் மட்டும்தான். (செய்தவனைவிடத் தூண்டியவனுக்குத்தான் தண்டனை கூட என்று நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர் பிற்காலத்தில் எனக்குச் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன்.)

சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழே காடு வெட்டிக் காணி கொடுத்தபோது அத்தானுக்கும் ஒரு துண்டு வயல் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தவர் அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து குடியேறினார். நான் எஸ்.எஸ்.சி. பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டவன். மூன்றாம் தரம் அமைதியான இடத்தில் இருந்து படிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். அப்போது வயது பத்தொன்பது. அமைதி தாராளமாக இருந்தது. படிப்புத்தான் வரவில்லை.

ஆனால் தமிழ் வரும் என்ற எண்ணம் எனக்கு நிறைய இருந்தது. அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அதாவது அந்தியேட்டி அன்று, அவருடைய ஊரின் சிறப்பு, பரம்பரை, குணம், இறந்த திதி, அதன் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று ஒழுங்காகப் பாட்டுக் கட்டி, அச்சடித்து, வந்திருப்பவர்கள் முன்னால் இராகத்தோடு படிப்பார்கள். அதைக் கல்வெட்டு என்போம். அப்பா சுற்றுவட்டாரத்தில் பேர்போன கல்வெட்டுக்காரர். எட்டு வயதிலிருந்து நான் அவருக்குப் பின்பாட்டு. மற்றப் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்த வயதில் நான் அந்தியேட்டி வீடுகளில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆட்களுக்காகக் குரலை நடுங்க வைத்துக்கொண்டிருந்தேன். திதி வெண்பா முடிந்ததும் அப்பா ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். அந்த இடைவெளியில் பெண்கள் கொண்டையை அவிழ்த்துத் தயாராகிவிடுவார்கள். அடுத்தது புலம்பல் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் எனக்குச் சாதாரணம். சபையில் நின்று தமிழ் பேசுவது என்றால் இப்படித்தான் என்று என் மண்டைக்குள் ஏறியிருந்தது. அது ஏறியிருப்பதுதான் எனக்குத் தெரியாது.

நான் அங்கே போன அதே வருடம் மார்கழியில் அக்காவின் சின்னவன் இறந்துபோனான். இரண்டரை வயது. அக்காவும் அத்தானும் வயலில் நிற்கும் நாட்களில் தவமணிதான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்பிள்ளைகளின் இடுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தபடியால் வாத்தியார்மார் ஒன்றும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் என்பது ஒரு நீளக் கிடுகுக் கொட்டகை. கிணறு கிடையாது. தாகம் எடுத்தால் பிள்ளைகள் பக்கத்து வாய்க்காலுக்கு ஓடுவார்கள். மேலே மாடு குளிக்கும், கீழே பிள்ளைகள் குடிக்கும். அந்த மாரியில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வயிற்றோட்டம் வந்தது. மற்றப் பிள்ளைகள் எழும்பினார்கள். எங்கள் சின்னவனை மாட்டு வண்டியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று முழுவதும் தவமணி ஒரு வசனம்தான் சொன்னாள். "நான்தான் அவனுக்கு வாய்க்கால்லை தண்ணி அள்ளிக் குடுத்தனான்." அவளுக்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தை மாதம் பாதியில் பெரிய வாத்தியார் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். குள்ளமான மனிதர். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியரும் அவர்தான், மணியடிப்பவரும் அவர்தான்.

"தம்பி, மாசி நாலாம் திகதி சுதந்திர தினம். இந்த முறை காரியாதிகாரி ஐயா எங்கடை பள்ளிக்கூடத்துக்கு வாறாராம்" என்றார். காரியாதிகாரி என்றால் எங்கள் பகுதிக்கே பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர். வாய்க்கால், றோட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் அவர் கையெழுத்தில் நடப்பவை.

"கிணறு கேட்டு நாலு மனு அனுப்பிப்போட்டன். ஒண்டுக்கும் பதில் இல்லை" என்று தொடர்ந்தார். "ஆனா சபைக்கு நடுவிலை ஒரு சின்னப்பிள்ளை எழும்பி நிண்டு, 'ஐயா, எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை' எண்டு கேட்டா, அந்த மனுசன் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லும்? முந்நூறு பேர் பாத்துக்கொண்டிருப்பினம். அதாலை பிள்ளை ஒண்டைப் பேசவிடுவம் எண்டு நினைக்கிறன். சுதந்திரத்தைப் பற்றி நாலு வசனம், பிறகு கிணறு. நீர் தமிழ் தெரிஞ்ச ஆள். எழுதித் தாரும்."

"எந்தப் பிள்ளை?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் குசினி வாசலில் நின்ற தவமணி, "நான் கேக்கிறன்" என்றாள். "கிணத்தை நான் கேக்கிறன் சேர்."

அதற்குப் பிறகு வேறு பிள்ளையின் பேச்சே எழவில்லை. குரலும் அவளுக்குத்தான் பெரிது. கதிர் முற்றிய வயலில் கிளி விரட்டி விரட்டிப் பழகிய குரல்.

நாலு வசனம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். முதலில் தேசச் சிறப்பு. மலை, ஆறு, முத்து, யானை எல்லாம் வந்தன. பிறகு ஊர்ச் சிறப்பு. (ஊருக்கு அப்போது பேரே சரியாக வைக்கப்படவில்லை, வாய்க்கால் இலக்கம்தான் இருந்தது. ஆனாலும் ஒன்றரைப் பக்கம் சிறப்பித்தேன்.) பிறகு சுதந்திரத்தின் பரம்பரை. ஆண்ட அரசர்களில் தொடங்கி, வெள்ளைக்காரன் வந்து போனது வரை. அதற்குப் பிறகு சுதந்திரம் கிடைத்த திதி. பழைய பஞ்சாங்கம் தேடி அடுத்த குடியேற்றத்துக்குப் போய், வருடம், மாதம், பட்சம், நட்சத்திரம் எல்லாம் பார்த்து ஒரு வெண்பாவே கட்டினேன். எந்த நாட்டின் சுதந்திரத்துக்காவது திதி வெண்பா பாடியவன் என்னைத் தவிர வேறொருவன் இருக்கமாட்டான்.

திதி வந்ததும் என் பேனா தானாக அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. சுதந்திரத்துக்கு யார் புலம்புவது என்று சற்று யோசித்தேன். மனைவி மக்கள் இல்லையே. பிறகு எனக்கு ஒரு புத்தி தோன்றியது. இந்த நல்ல நாளைக் காணாமல் போனவர்களை நினைப்போம் என்று தொடங்கினேன். காடு வெட்டும்போது மரம் விழுந்து போனவர், காய்ச்சலில் போனவர், பாம்பு கடித்துப் போனவர், யானை மிதித்துப் போனவர் என்று எங்கள் குடியேற்றத்தின் கணக்கெல்லாம் அதில் வந்தது. கடைசியில், "சுதந்திரக் கொடியைப் பார்க்கக் கண் திறக்காமல் மண்ணுக்குள் போன பச்சைக் குழந்தைகளே" என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு இரண்டு தரம் உரக்க வாசித்துப் பார்த்தேன். நல்ல இடம் என்று நினைத்தேன். சின்னவனை நினைத்து எழுதினேனா என்று கேட்டால், இல்லை. அந்த வரியின் அழகை நினைத்துத்தான் எழுதினேன். பத்தொன்பது வயதில் நான் அப்படித்தான் இருந்தேன்.

இப்படிப் பத்துப் பக்கம் போனது. வேண்டுகோளும் வாழ்த்தும் கடைசியில் வருவதுதான் முறை. ஆகவே கிணறு பதினோராம் பக்கத்தில் இருந்தது.

பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினொரு பக்கம் எப்படி மனதில் நிற்கும்? வயல் வரம்பில் அவள் கிளி விரட்ட, நான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தேன். வசனமாகச் சொன்னால் மறந்துபோனாள். ஆகவே கொஞ்சம் இழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இராகம் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். எந்த இராகம் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. தொண்டை நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கவும், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவும் பழக்கினேன். திதி வெண்பா முடிந்ததும் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். அது சபைக்குக் கம்பீரம் என்று விளக்கமும் சொன்னேன்.

ஒருநாள் அவள் நடுவில் நிறுத்திக் கேட்டாள். "மாமா, கிணறு எப்ப வரும்?"

"வரும், வரும். அவசரப்படாதை. முதல் சபையைக் கட்டவேணும்."

"நான் கிணத்தை மறக்கமாட்டன். மற்றதுகள்தான் மறக்குது" என்றாள்.

அக்கா குசினிக்குள் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மார்கழிக்குப் பிறகு அக்காவின் கதை குறைந்துவிட்டது. சமைத்தாள், வயலுக்குப் போனாள், வந்தாள். அவள் அழுது நாங்கள் யாரும் பார்க்கவில்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நானும் அத்தானும் பேசிக்கொண்டோம். (ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெண்ணைப் பற்றி எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் சரியாக இருக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.)

பெரிய வாத்தியார் ஒத்திகை பார்க்க ஒருநாள் வந்தார். கதிரை இரவல் வாங்குவதிலும் கொடிக்கம்பம் நடுவதிலும் மனுஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை. தேசச் சிறப்பு முடியும் வரை நின்று கேட்டார். "நல்ல தமிழ், நல்ல தமிழ். கிணறு வருதுதானே?" என்றார். "வருது சேர்" என்றேன். அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று காலை வெயில் நன்றாக இருந்தது. அரிவு வெட்டு நாட்கள். ஆனாலும் காரியாதிகாரி வருகிறார் என்பதற்காக எல்லாரும் அரிவாளை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பெண்கள் இடது பக்கம் பாயில், ஆண்கள் வலது பக்கம் நின்றபடி. ஜீப் வந்தது. காரியாதிகாரி இளம் ஆள், கொழும்பில் படித்தவர். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்திறங்கினார். கொடி ஏற்றினார். பிள்ளைகள் பாடினார்கள். ஒரு பையன் கும்மியா நாட்டியமா என்று சொல்லமுடியாத ஒன்றை ஆடினான். பிறகு தவமணி மேசைமேல் ஏறி நின்றாள். அக்கா பெண்களின் கடைசி வரிசையில் இருந்தாள். நான் பதினொரு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அடி எடுத்துக் கொடுப்பதற்காகக் கொட்டகை மூலையில் நின்றேன்.

தேசச் சிறப்பு அருமையாகப் போனது. காரியாதிகாரி தலையை ஆட்டினார். நான் மூலையில் நின்று மீசையைத் தடவினேன். (மீசை என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.) ஊர்ச் சிறப்பு தொடங்கியதும் பாயில் இருந்த பெண்களிடையே ஒரு அசைவு தெரிந்தது. வெற்றிலை மெல்லுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்து வளவுப் பாக்கியக்கா காதைச் சாய்த்துக் கேட்டாள். பரம்பரை வந்தது. ஆண்கள் பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் எனக்குப் பக்கத்தில் நின்றவரிடம், "ஆற்றை அந்தியேட்டி? ஆர் செத்தது?" என்று கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

திதி வெண்பா முடிந்தது. தவமணி நான் சொல்லிக் கொடுத்தபடி குவளையை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

பாக்கியக்கா கொண்டையை அவிழ்த்தாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளைப் பார்த்து அடுத்தவளும், அவளைப் பார்த்து அடுத்தவளும் அவிழ்த்தார்கள். நிறுத்து என்று தவமணிக்குக் கையைக் காட்டினேன். அவள் அதைக் குரலை ஏற்று என்று விளங்கிக்கொண்டாள். (அதற்கும் அதே சைகையைத்தான் நான் பழக்கியிருந்தேன்.) காடு வெட்டப் போனவர் என்று தொடங்கினாள். முதல் வரியிலேயே பாக்கியக்கா, "என்ரை ராசா, என்னைத் தனிய விட்டிட்டுப் போட்டியளே" என்று பக்கத்துப் பெண்ணைக் கட்டிப்பிடித்தாள். அவள் புருஷன் மரம் விழுந்து போனவர். காய்ச்சல் என்றபோது நாலு பேர் அழுதார்கள். பாம்பு என்றபோது ஒரு பக்கமே அழுதது. அந்தப் பாயில் ஆளை இழக்காத பெண் ஒருத்தியும் இல்லை என்பது அந்தப் பேச்சை எழுதிய மேதைக்கு அன்றுதான் தெரிந்தது.

காரியாதிகாரி முதலில் திகைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் ஆண்கள் எல்லாரும் தோளில் கிடந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். பெரிய வாத்தியார் ஒவ்வொரு கதிரையாகப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருடைய முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

தவமணி பச்சைக் குழந்தைகளின் வரிக்கு வந்தாள்.

கடைசி வரிசையில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. மற்ற அழுகைகள் எல்லாம் ஓர் ஒழுங்கில், பாட்டோடு சேர்ந்து வந்தவை. இது அப்படி இல்லை. அது அக்கா என்று எனக்கு உடனே தெரியவில்லை. அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று நான் நினைத்ததில்லை. நிலத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவள் குனிந்து கிடந்தாள். எல்லா அழுகையும் அப்படியே நின்றுவிட்டது. பாக்கியக்காகூட வாயை மூடிக்கொண்டாள்.

பச்சைக் குழந்தைகளுக்கு எங்களில் எதுவும் செய்வதில்லை. அன்று பின்னேரமே புதைத்துவிடுவார்கள். எட்டு இல்லை, முப்பத்தொன்று இல்லை, கல்வெட்டு இல்லை. சனம் வந்து கூடியிருந்து அழுவதும் இல்லை. சின்னவனைப் புதைத்த அடுத்த நாள் அக்கா வயலுக்குப் போனாள். அவளுக்கு அழுவதற்கென்று ஒரு நாளை யாரும் கொடுக்கவில்லை. நான் தெரியாத்தனமாகக் கொடுத்துவிட்டேன். அதுவும் அரசாங்க அதிகாரி முன்னிலையில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில்.

தவமணி தாயைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தினாள். மேசையில் இருந்து குதித்து, பாயில் இருந்தவர்களை மிதித்துக்கொண்டு ஓடிப்போய் அக்காவின் முதுகில் விழுந்து கட்டிப்பிடித்தாள். என் கையில் பதினோராம் பக்கம் இருந்தது.

நான் அப்போது முன்னால் போய் அதை வாசித்திருக்கலாம். பத்தடி தூரம்தான். ஒரேயொரு வசனத்தைச் சொல்லியிருக்கலாம். முந்நூறு பேருக்குப் பேச்சு எழுதிய எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. காரியாதிகாரி பெரிய வாத்தியாரின் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியாமப் போச்சு. உங்கடை ஊரிலை இப்பிடி ஒரு துக்கம் நடந்திருக்கேக்கை நீங்கள் விழாவை வைச்சிருக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொன்னார். பெரிய வாத்தியார், "இல்லை ஐயா, அது வந்து, கிணறு..." என்று தொடங்கினார். "நான் பிறகு வாறன்" என்று சொல்லி அவர் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார். வடை எல்லாவற்றையும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

இரண்டு கிழமை கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அரசாங்கக் கடதாசியில், அரசாங்க முத்திரையோடு, கிராம மக்களின் துயரத்தில் காரியாதிகாரி அலுவலகம் பங்குகொள்கிறது என்று எழுதியிருந்தது. நாலு மனுவுக்கும் வராத பதில் அது. பெரிய வாத்தியார் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். எனக்காகத்தான் மாட்டினார் என்று நினைக்கிறேன்.

கடிதம் வந்தது இருக்கட்டும். அன்று பின்னேரம் தவமணி என்னிடம் வந்து கேட்டதுதான் என்னால் மறக்க முடியாதது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, கிணத்தை ஏன் கடைசியா வைச்சனீங்கள்?"

"அதுதான் பிள்ளை முறை."

"முதல் கேட்டிருந்தா அவர் ஓம் எண்டிருப்பார். பிறகு எவ்வளவும் அழுதிருக்கலாம்."

பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது பத்தொன்பது வயதுப் புலவனுக்குத் தெரியவில்லை. அவள் அந்தக் கிணற்றை எதற்காகக் கேட்க நினைத்தாள் என்று தெரிந்திருந்தும், நான் அவளுடைய வாய்க்குள் மலையையும் ஆற்றையும் யானையையும் திணித்து வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பது சின்னச் சொல்.

காரியாதிகாரி சொன்னபடி பிறகு வரவில்லை. அவருக்கு வேறு இடத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. அடுத்த மாரியிலும் பிள்ளைகள் வாய்க்காலில்தான் குடித்தார்கள். அந்த மாரியில் பாக்கியக்காவின் மகள், மூன்றாம் வகுப்பு இராசாத்தி, போய்விட்டாள். உன்னால்தான் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பாக்கியக்கா வழக்கம்போல வேலிக்கு மேலால் கறி தந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இராசாத்தி போன பிறகு ஊர் ஆண்கள் ஒருவரையும் கேட்கவில்லை. அறுவடை முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கினார்கள். நானும் வெட்டினேன். முதல் நாளே கை இரண்டும் பொங்கிவிட்டது. அத்தான் பார்த்துவிட்டு, "வெண்பாக் கட்டிற கை" என்று மட்டும் சொன்னார். பதினெட்டு நாளில் தண்ணீர் கண்டோம். முதல் வாளித் தண்ணீரைத் தவமணி மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு இல்லை.

மூன்றாம் தரமும் பரீட்சையில் தவறினேன். பிறகு ஊர்க் கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. சனத்துக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பகுதி நேர வேலை ஆனது. நான் எழுதும் மனுக்களில் முதல் வரியிலேயே கோரிக்கை இருக்கும். வணக்கம்கூட இரண்டாவது வரியில்தான் வரும். "மரியாதை தெரியாதவன்" என்று அரசாங்கக் கச்சேரியில் எனக்குப் பேர். ஆனால் பதில் வந்தது.

எங்கள் குடும்பத்திலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது எதையாவது கேட்க வந்து சுற்றி வளைத்துக் கதைத்தால், "கிணத்தை முதல் கேள்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். தவமணியைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு மணித்தியாலமாக மழையையும் நெல் விலையையும் கதைத்துக்கொண்டிருக்க, பொறுமை போன அத்தான், "கிணத்தைக் கேளுங்கோவன்!" என்றுவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் குழம்பிப்போய், "கிணத்துத் தண்ணி நல்ல தண்ணிதான், குடிச்சனாங்கள்" என்றார். கல்யாணம் ஒப்பேறியது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நான் நாலு வார்த்தை பேச எழுந்தால், பேரப்பிள்ளைகள்வரை லேஞ்சியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்கிறார்கள். பெண்கள் கொண்டையில் கை வைக்கிறார்கள். நானும் சிரிப்பேன். நான்தானே அந்தக் கதையைச் சபை சபையாகச் சொல்லிப் பரப்பியவன். பாக்கியக்கா கொண்டையை அவிழ்த்த இடத்தை நான் நடித்துக் காட்டினால் சிரிக்காதவர்கள் இல்லை.

அக்கா கடைசியாக நோயில் படுத்திருந்தபோது வவுனியாவில் தவமணியின் வீட்டில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் பார்க்கப் போனேன். பிள்ளைகள் கேட்டார்கள் என்று அந்தக் கதையை மறுபடியும் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். அக்கா சிரிக்கவில்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"வெக்கை கூடத்தான் அக்கா, என்ன? பின்னேரம் மழை வந்தாலும் வரும். வாற வழியிலை..."

"கிணத்தைக் கேள் தம்பி" என்றாள்.

கேட்டேன். "அக்கா, உங்களுக்கு என்னோடை கோவமோ?"

"ஓம்."

"அண்டைக்குச் சபைக்கு நடுவிலை உங்களை அழவைச்சதுக்கோ?"

"அதுக்கு ஏன் கோவிக்கிறன்? அண்டைக்கு ஒருநாள்தான் என்ரை பிள்ளைக்கு நான் அழுதனான்."

"அப்ப என்னத்துக்கு?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ இந்தக் கதையை எத்தினை வருசமாச் சொல்லுறாய். நானும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். பாக்கியம் வாறாள், தவமணி வாறாள், இராசாத்தி வாறாள். தொப்பி வருது, வடை வருது. என்ரை பிள்ளை மட்டும் சின்னவன். அவனுக்கு நாங்கள் பேர் வைச்சனாங்கள் தம்பி."

நான் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தேன்.

"இனிச் சொல்லேக்கை பேரைச் சொல்லு" என்றாள். "சிரிக்கச் சிரிக்கச் சொன்னாலும் பரவாயில்லை."

அவன் பெயர் சிவநேசன். வீட்டில் நேசன் என்று கூப்பிடுவோம். என் சைக்கிள் மணியை அடிப்பதற்காக விடிந்ததும் எழுந்து வந்து நிற்பான்.